ஏழாம் எண் ரயிலில் குயின்ஸ் பார்ப்பது எப்படி?

கேள்வி: நானும் மனைவியும் ஜூன் மாதம் பத்து நாள் நியூயார்க் வருகிறோம். மகன் வேலைக்குப் போய்விடுவான், பகலில் நாங்கள் இருவர் மட்டும்தான். டூர் பஸ்ஸில் உட்கார்ந்து கட்டடங்களை அண்ணாந்து பார்ப்பதில் எங்களுக்கு ஆர்வமில்லை. சப்வேயில் ஏறி, மக்கள் வாழும் பேட்டைகளைப் பார்க்க ஆசை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது ஒத்துவருமா? எங்கே தொடங்கலாம்? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம். மகனோ மன்ஹாட்டனைச் சுற்றினாலே போதும் என்கிறான்.

பதில்:

தாராளமாக ஒத்துவரும். மகன் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்காதீர்கள். மன்ஹாட்டனை அவனோடு சனி, ஞாயிறில் பார்த்துக்கொள்ளலாம். பகல் பொழுதுகளை நகரத்தின் வேறு இரண்டு பெரும்பகுதிகளான குயின்ஸுக்கும் புரூக்ளினுக்கும் ஒதுக்குங்கள்.

ஒரு வேண்டுகோள். வரைபடத்தைப் பரப்பி வைத்து, கேள்விப்பட்ட பெயராகப் பத்து நிலையங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறும் வேலை வேண்டாம். அப்படிச் சுற்றினால் படிக்கட்டுகளைத்தான் பார்ப்பீர்கள். ஒரு நாளைக்கு ஒரே ரயில். அதில் கடைசி நிலையம் வரை போய்விடுங்கள். திரும்பி வரும்போது ஓரிரு இடத்தில் இறங்கி, அடுத்த நிலையம் வரையோ அதற்கடுத்தது வரையோ நடந்து, மறுபடி ஏறிக்கொள்ளுங்கள். ஒரு பேட்டை எங்கே முடிகிறது, இன்னொன்று எங்கே ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் நிலையங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. கடைப் பலகையில் எழுத்து மாறும், காய்கறிக் கடை வாசலில் குவித்திருக்கும் சரக்கு மாறும், சலூனிலிருந்து வரும் பாட்டு மாறும். ரயிலுக்குள் இருந்தால் இது எதுவும் தெரியாது.

எந்த ரயில் என்று கேட்டால் யோசிக்காமல் ஏழு என்பேன். மன்ஹாட்டனின் ஹட்சன் யார்ட்ஸில் கிளம்பி, டைம்ஸ் ஸ்கொயர், கிராண்ட் சென்ட்ரல் வழியாக ஆற்றுக்கு அடியில் நுழைந்து குயின்ஸில் வெளியே வந்து, ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டில் முடிகிற தடம் இது. முழுப் பயணமும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குயின்ஸுக்குள் வந்தபிறகு கிட்டத்தட்ட கடைசி வரை தூண்களுக்கு மேலேதான் ஓட்டம், அதனால் சப்வே என்ற பெயரே இங்கே பொருந்தாது. இரண்டாம் மாடி ஜன்னல்களின் உயரத்தில் ஊர் நகர்வதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

இந்தத் தடத்தில் இத்தனை தேசத்து மக்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட்டால் பார்ப்பது சுவையாக இருக்கும். நியூயார்க் சப்வே 1904 அக்டோபரில் திறக்கப்பட்டது. அப்போது குயின்ஸ் பெரும்பாலும் பண்ணை நிலம். 1913இல் நகர நிர்வாகமும் இரண்டு தனியார் ரயில் கம்பெனிகளும் ஒப்பந்தம் போட்டு, ஆளே இல்லாத வயல்களுக்கு நடுவே மேல்தண்டவாளம் அமைக்கத் தொடங்கினார்கள். ஏழாம் எண் தடம் 1917இல் கொரோனா என்ற பேட்டையையும், 1928இல் ஃப்ளஷிங்கையும் தொட்டது. ரயில் முதலில் வந்தது, வீடுகள் அதன் பின்னால் வந்தன. 1920இல் 4.69 லட்சமாக இருந்த குயின்ஸின் மக்கள்தொகை 1930இல் 10.79 லட்சம். பத்தே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல்.

கட்டணம் அதைவிட முக்கியமான காரணம் என்பது என் எண்ணம். 1904 முதல் 1948 வரை எவ்வளவு தூரம் போனாலும் ஐந்து சென்ட்தான். இன்றும் தூரத்துக்கேற்ற கட்டணம் கிடையாது, ஒரு நிறுத்தம் போனாலும் ஊரின் மறுகோடி வரை போனாலும் ஒரே காசு. கையில் பணமில்லாதவன் ஊரின் விளிம்பில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, நடுவூரில் வேலை பார்க்க முடிந்தது இதனால்தான். பிறகு 1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, தேசவாரி ஒதுக்கீட்டை எடுத்தது. ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள், ஐரிஷ், இத்தாலிய, யூதக் குடும்பங்கள் காலிசெய்துகொண்டிருந்த இதே தடத்தின் ஓரத்தில் வந்து இறங்கினார்கள். தலைக்கு மேல் ரயில் தடதடக்கும் தெருவில் கடை வாடகை குறைவு. புதிதாக வந்தவர்கள் கடை போட வேறென்ன வேண்டும்?

சரி, பயணத்துக்கு வருவோம். குயின்ஸ் நோக்கிப் போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். கோர்ட் ஸ்கொயர் பக்கம் ரயில் மேலேறி வளையும்போது மன்ஹாட்டன் கட்டடங்கள் மொத்தமாகத் தெரியும். அதைத் தாண்டியதும் குயின்ஸ் பொலிவார்ட் சாலையின் நடுவே, வளைவு வளைவான கான்கிரீட் பாலத்தின் மேல் ரயில் ஓடும். அங்கே வருவது சன்னிசைட். கட்டட ஆர்வம் இருந்தால் 46ஆம் தெருவில் இறங்கி, 1924 முதல் 1928 வரை கட்டிய சன்னிசைட் கார்டன்ஸ் குடியிருப்பைப் பார்க்கலாம். சாதாரண வருமானக்காரர்களுக்கும் தோட்டம் வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டிய செங்கல் வீடுகள். ஆர்வம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், முதல் நாளிலேயே காலை அலுக்கவைக்க வேண்டாம்.

சன்னிசைட் தாண்டியதும் கான்கிரீட் பாலம் முடிந்து, ரூஸ்வெல்ட் அவென்யூ மேல் இரும்புத் தூண்கள் தொடங்கும். சத்தம் மாறுவது உள்ளே இருந்தாலே கேட்கும். 61ஆம் தெரு உட்சைட். பழைய ஐரிஷ் பார்களும் புதிய பிலிப்பைன்ஸ் கடைகளும் தோளோடு தோள் உரசி நிற்கிற இடம். கிழக்கே 69ஆம் தெரு பக்கம் போனால் பிலிப்பைன்ஸ் பேக்கரிகள், பணம் அனுப்பும் கடைகள், ஊருக்குப் பெட்டி அனுப்பும் கடைகள். இந்த ஏரியாவைக் குட்டி மணிலா என்கிறார்கள். சைவர்களுக்கு இங்கே சாப்பிட அதிகம் இல்லை, அதனால் பார்த்துக்கொண்டே நடந்துவிடுங்கள். உட்சைட்டிலிருந்து 74ஆம் தெரு வரை தரை சமம், மெதுவாக நடந்தால் இருபது நிமிடம்.

74ஆம் தெருவில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் ஜாக்சன் ஹைட்ஸ். ஏழாம் எண் ரயில் மேலே, ஈ, எஃப், எம், ஆர் ரயில்கள் கீழே. லிஃப்ட் இருக்கிறது, எஸ்கலேட்டர் இருக்கிறது, எதிலும் கூட்டமும் இருக்கிறது. வெளியே வந்தால் நகைக்கடை, புடவைக்கடை, பட்டேல் பிரதர்ஸ் மளிகை. இந்தத் தெருவுக்குக் கல்பனா சாவ்லா பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள், பலகையைப் பார்க்கலாம். இந்தியக் கடைகளைப் பார்த்ததும் நம்மவர்கள் செய்கிற காரியம், ஒரு கிலோ வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு தெரு தள்ளி 73ஆம் தெருவுக்குப் போனால் பலகையெல்லாம் வங்காள எழுத்து, வாசலில் வெற்றிலை அடுக்கி வைத்திருக்கும் கடைகள், வங்கதேசத்துக்காரர்களின் அரட்டை. நடுவே டைவர்சிட்டி பிளாசா என்று வண்டி போகாத ஒரு சின்னத் திடல். மாலையில் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் வங்காளம், நேபாளி, உருது, ஸ்பானிஷ் என்று நாலு மொழி காதில் விழும். திபெத்தியர்களும் நேபாளிகளும் நடத்தும் சின்னச் சின்ன மோமோ கடைகள் சுற்றிலும் இருக்கின்றன. சைவ மோமோ கிடைக்கும். லஃபிங் என்று பச்சைப்பயற்று மாவில் செய்து, மிளகாய் எண்ணெய் ஊற்றித் தருகிற குளிர்ந்த பண்டம் ஒன்று உண்டு. மனைவிக்குக் காரம் ஒத்துக்கொள்ளும் என்றால் அதைச் சொல்லுங்கள். இறைச்சி சேர்க்காததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

ரூஸ்வெல்ட் அவென்யூவின் சத்தத்திலிருந்து வடக்கே மூன்று நான்கு தெரு தள்ளிப் போங்கள். வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். மரங்கள், ஆறு மாடிச் செங்கல் கட்டடங்கள், அமைதி. 1910களில் தொடங்கி குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற கம்பெனி நடுத்தர வர்க்கத்துக்காகக் கட்டிய தோட்ட அடுக்ககங்கள் இவை. ஒவ்வொரு கட்டடத் தொகுதிக்கும் நடுவே ஒரு பெரிய தோட்டம் ஒளிந்திருக்கிறது, தெருவிலிருந்து பார்த்தால் இடுக்கில் கொஞ்சம்தான் தெரியும். அந்தக் காலத்தில் யூதருக்கும் கறுப்பினத்தவருக்கும் இங்கே வீடு தரமாட்டார்கள். இன்று அதே இடம் உலகத்திலேயே கலப்பு மிகுந்த பேட்டைகளில் ஒன்று. 34ஆவது அவென்யூவில் 2020 முதல் பகல் நேரத்தில் கார்களைத் தடுத்து நடப்பவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். 69ஆம் தெருவிலிருந்து ஜங்ஷன் பொலிவார்ட் வரை நீளும் தெரு. முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல நடை இந்த ஊரில் இல்லை. அதற்கு ஒரு தெரு தெற்கே, 35ஆவது அவென்யூவும் 81ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் தெருப் பலகையைக் கவனியுங்கள். ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் ஒரு எண் இருக்கும். ஸ்கிராபிள் விளையாட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் கட்டடக் கலைஞர் வேலை போய் வீட்டில் இருந்தபோது உருவாக்கியது அது. அவர் வாழ்ந்தது இந்தப் பேட்டையில்தான்.

82ஆம் தெரு வந்ததும் ஸ்பானிஷ் ஆதிக்கம். கொலம்பியக் காபிக் கடைகள், பேக்கரிகள். அரெப்பா என்று மக்காச்சோள மாவில் தட்டி, கல்லில் சுட்டு, சீஸ் வைத்துத் தருவார்கள், உங்களுக்குப் பிடிக்கும். இன்னும் கிழக்கே போகப்போக ஈக்வடார், மெக்சிகோ. ஜங்ஷன் பொலிவார்டில் லிஃப்ட் உண்டு. அங்கே ஏறிக்கொண்டால் சரியாக இருக்கும்.

103ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வீடு. ஜாஸ் இசையில் விருப்பம் இல்லாவிட்டாலும் போகலாம் என்பேன். உலகம் முழுக்கப் புகழ் பெற்ற அந்த டிரம்பெட் கலைஞர் 1943 முதல் 1971இல் இறக்கும்வரை வாழ்ந்தது ஒரு சாதாரண கொரோனா தெருவில், சாதாரணச் செங்கல் வீட்டில். பணம் சேர்ந்தபிறகும் வீட்டை மாற்றவில்லை. உள்ளே சாமான்கள் அப்படியே இருக்கின்றன, சமையலறை முழுக்க நீலம். டேப் ரெக்கார்டர் பைத்தியம் அவர். வீட்டில் அவரே பதிவுசெய்த பேச்சையும் வாசிப்பையும் அந்தந்த அறையிலேயே போட்டுக் காட்டுவார்கள். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது, நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நிலையத்தில் படிதான், அதையும் மனதில் வையுங்கள்.

111ஆம் தெருவில் இறங்கினால் ஃப்ளஷிங் மெடோஸ் பூங்கா. ஒரு காலத்தில் நகரத்தின் அடுப்புச் சாம்பலையெல்லாம் கொட்டிய மேடு. 1939, 1964 ஆகிய இரண்டு உலகப் பொருட்காட்சிகளுக்காகச் சீர்செய்தார்கள். 140 அடி உயர எஃகு உலக உருண்டை 1964இன் மிச்சம். அது எல்லோரும் படம் எடுக்கும் இடம், ஐந்து நிமிடம் போதும். பக்கத்திலேயே இருக்கும் குயின்ஸ் மியூசியத்துக்குள் போங்கள். 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச்சபை கூடியது அந்தக் கட்டடத்தில்தான். உள்ளே நியூயார்க் நகரம் முழுவதையும் 1,200இல் ஒரு பங்கு அளவில் தரையில் செய்து வைத்திருக்கிறார்கள். சுமார் 8.95 லட்சம் கட்டடங்கள். சுற்றிலும் நடந்தபடி மேலிருந்து பார்க்கலாம். காலையில் வந்த தடத்தை விரலால் காட்டி மனைவியிடம் பேசிக்கொண்டிருக்க ஏற்ற இடம்.

கடைசி நிலையம் ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட். ரயில் இங்கே மறுபடி தரைக்கடியில் போய் நிற்கும். லிஃப்டில் மேலே வந்தால் சீன எழுத்துக் கடல். மன்ஹாட்டனின் பழைய சைனாடவுனைச் சுற்றுலாப் பயணிகள் பார்க்கிறார்கள், இங்கே சீனர்கள் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். வட சீனம், சிச்சுவான், தைவான், கூடவே கொரியா என்று பல சமையல்கள். மால்களின் அடித்தள உணவுக்கூடங்களில் கண்ணெதிரே மாவை இழுத்து நூடுல்ஸ் போடுவார்கள். ஆனால் சைவம் என்று சொல்லி இங்கே சாப்பிடுவது கடினம், சாற்றில் இறைச்சி இருக்கும். வேடிக்கை பார்த்துவிட்டு வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள், காரணம் சொல்கிறேன்.

நிலையத்துக்குக் கொஞ்சம் வடக்கே, நார்தர்ன் பொலிவார்டில், 1694இல் கட்டிய குவேக்கர் வழிபாட்டு மனை இருக்கிறது. குவேக்கர்கள் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவினர். இந்த ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் குவேக்கர்களுக்குத் தடை போட்டிருந்தார். 1657இல் ஃப்ளஷிங்வாசிகள் முப்பது பேர் அதை எதிர்த்து ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். அவர்களில் யாரும் குவேக்கர் இல்லை என்பதுதான் விசேஷம். யூதர், துருக்கியர், எகிப்தியர் எவருக்கும் இங்கே இடம் உண்டு என்று அதில் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். 1662இல் ஜான் பவுன் என்பவர் தன் வீட்டில் குவேக்கர்களைக் கூடி வழிபட விட்டார் என்று பிடித்து நாடு கடத்தினார்கள். அவர் ஆம்ஸ்டர்டாம் போய், இந்த ஊரை நிர்வகித்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடமே முறையிட்டு ஜெயித்தார். மக்களின் மனசாட்சியில் கைவைக்காதே என்று ஆளுநருக்குக் கம்பெனி 1663இல் கடிதம் எழுதியது. அந்த ஜான் பவுனின் வீடு இன்னும் நிற்கிறது. அது இருக்கும் தெருவின் பெயரும் பவுன் தெரு.

இதே பவுன் தெருவில் தெற்கே போனால் நம்முடைய மகா வல்லப கணபதி கோயில். ஐ.நா.வில் அதிகாரியாக இருந்த அழகப்பா அழகப்பன் முன்னின்று 1970இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்த மனையை வாங்கி, இந்தியாவில் செதுக்கிய கற்களையும் சிலைகளையும் கொண்டுவந்து எழுப்பினார்கள். 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம். அதே தெருவில் ஒரு சுவாமிநாராயண் கோயில், சுற்றுவட்டாரத்தில் கொரியத் தேவாலயங்கள், சீனத் தேவாலயங்கள், குருத்வாரா, யூதர்களின் ஜெபக்கூடம். முந்நூறு வருஷத்துக்கும் மேல் பழைய அந்த மனுவுக்கும் இதற்கும் நேர்க்கோடு போடக்கூடாதுதான். ஆனாலும் அந்தத் தெருவில் நடக்கும்போது பவுன் ஞாபகத்துக்கு வராமல் இருக்கமாட்டார். வயிற்றைக் காலியாக வைக்கச் சொன்னதற்குக் காரணம், கோயிலின் கீழ்த்தளத்தில் இருக்கும் கேன்டீன். தோசை, இட்லி, பொங்கல், சாம்பார் சாதம். குஜராத்திகள், சீனர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் என்று கூட்டத்தில் பாதிப்பேர் தமிழர்களாக இருக்கமாட்டார்கள். நிலையத்திலிருந்து நடந்தால் அரை மணி ஆகும். மனைவிக்கு அது வேண்டாம். பஸ் பிடியுங்கள், சப்வேயில் தட்டி நுழைந்த இரண்டு மணி நேரத்துக்குள் பஸ் ஏறினால் தனிக் கட்டணம் இல்லை.

இவ்வளவையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஃப்ளஷிங்கும் கோயிலும் ஒரு நாள், ஜாக்சன் ஹைட்ஸும் கொரோனாவும் இன்னொரு நாள்.

மூன்றாவது நாளுக்கு ஏ ரயில். இதில் கவனமாக இருங்கள், ஒரே ஏ ரயில் கிழக்கே போய்ப் பிரிகிறது. லெஃபர்ட்ஸ் பொலிவார்ட் போவது தனி, ராக்கவே கடற்கரைப் பக்கம் போவது தனி. ரயிலின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் கடைசி நிலையத்தைப் படித்துவிட்டு ஏறுங்கள். லெஃபர்ட்ஸில் இறங்கி லிபர்டி அவென்யூவில் கிழக்கே நடந்தால் ரிச்மண்ட் ஹில்லின் குட்டி கயானா. 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கயானாவுக்குக் கப்பலேறியவர்களின் வம்சம். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து போன வடவர்கள், ஒரு சிறு பகுதி மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்கள். தமிழ் அவர்கள் நாவில் தங்கவில்லை. மாரியம்மன் தங்கிவிட்டாள். மதராஸி வழிபாடு என்றே சொல்லிக்கொண்டு, தப்பு மேளம் அடித்து, வேப்பிலையோடு பூசை செய்யும் கோயில்கள் குயின்ஸில் உண்டு. கடைத்தெருவில் ரொட்டிக் கடைகள், டபுள்ஸ் என்கிற கொண்டைக்கடலை வைத்த பொரித்த ரொட்டி, சட்னி. இங்கே சைவத்துக்குக் கவலையே இல்லை. ஜாக்சன் ஹைட்ஸைவிட இந்தத் தெரு உங்களை அதிகம் யோசிக்கவைக்கும் என்பது என் கணிப்பு. கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள், நீங்கள் மதராஸிலிருந்து வருகிறீர்கள் என்றால் அவர்களுக்கும் கேட்க நிறைய இருக்கும்.

வெயில் நன்றாக இருந்தால் இன்னொரு நாள் ராக்கவே கிளையில் போகலாம். ஹவர்ட் பீச் தாண்டியதும் ரயில் ஜமைக்கா விரிகுடாத் தண்ணீரின் மேலேயே ஓடும். ஜன்னலுக்கு வெளியே நாணல், நீர்ப்பறவைகள், கென்னடி விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள். அதுவும் அதே சப்வே கட்டணத்தில்தான்.

புரூக்ளினுக்கு ஒரு நாள். கியூ ரயிலில் மன்ஹாட்டன் பாலத்தைக் கடக்கும்போது வலப்பக்கம் பார்த்தால் புரூக்ளின் பாலம் முழுசாகத் தெரியும். பிரைட்டன் பீச்சில் இறங்குங்கள், 1970களிலிருந்து சோவியத் நாட்டு யூதர்கள் குடியேறிய இடம், பலகையெல்லாம் ரஷ்ய எழுத்து. அங்கிருந்து கடலோர மரப்பலகை நடைபாதையில் மேற்கே நடந்தால் கோனி ஐலண்ட். திரும்பும்போது கியூ வேண்டாம், என் (N) எழுத்து ரயிலில் ஏறி எட்டாவது அவென்யூவில் இறங்கினால் புரூக்ளினின் சைனாடவுனான சன்செட் பார்க். ஃப்ளஷிங்கைப் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரியும். இங்கே ஃபுஜியன் மாகாணத்தார் அதிகம், பளபளப்பு குறைவு.

மன்ஹாட்டனின் வடக்கே கறுப்பினத்தவர் பேட்டையான ஹார்லெம் போக வேண்டுமா என்று யாராவது கேட்டால் போகலாம்தான், ஆனால் அதற்கு வரலாறு தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது. வெறுமனே 125ஆம் தெருவில் நடந்தால் பெரிய கம்பெனிக் கடைகள்தான் கண்ணில் படும்.

இனி நடைமுறை விஷயங்கள். பழைய மெட்ரோகார்டு விற்பனையை 2025 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆம்னி, நம்மூர் ஆம்னி பஸ் இல்லை, தட்டிப் போகும் முறை. கிரெடிட் கார்டையோ போனையோ வாசலில் தட்டினால் கதவு திறக்கும். இந்திய கார்டு என்றால் கிளம்புமுன் பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நிலைய இயந்திரத்திலேயே ஆம்னி அட்டை வாங்கிப் பணம் ஏற்றலாம். 2026 ஜனவரியிலிருந்து ஒரு பயணம் 3 டாலர். ஏழு நாளுக்குள் 35 டாலர் எட்டிவிட்டால் அந்த ஏழு நாளின் மிச்சப் பயணங்கள் இலவசம். ஆனால் இது ஒரே அட்டையைத் தட்டினால்தான் சேரும். நீங்களும் மனைவியும் ஆளுக்கொரு அட்டை வைத்துக்கொண்டு கடைசிவரை அதையே தட்டுங்கள். ஒருவர் அட்டையில் இருவரும் போனால் கணக்கு கெட்டுவிடும். நான் சொன்ன மாதிரி இறங்கி, நடந்து, ஏறினால் உச்சவரம்பை நாலைந்து நாளிலேயே தொட்டுவிடுவீர்கள்.

முழங்கால்தான் உண்மையான சிக்கல். மொத்தமுள்ள 472 நிலையங்களில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. இருக்கிற லிஃப்டும் சில நாள் வேலை செய்யாது. வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி போட்ட நிலையங்களை மட்டும் வைத்துத் திட்டமிடுங்கள். ஏழாம் எண் தடத்தில் டைம்ஸ் ஸ்கொயர், கிராண்ட் சென்ட்ரல், கோர்ட் ஸ்கொயர், உட்சைட், 74ஆம் தெரு, ஜங்ஷன் பொலிவார்ட், ஃப்ளஷிங் ஆகியவற்றில் லிஃப்ட் உண்டு. காலையில் கிளம்புமுன், சப்வேயை நடத்தும் எம்டிஏவின் ஆப்பில் அன்றைக்கு எது பழுது என்று பார்த்துவிடுங்கள். மேல்தண்டவாள நிலையத்தில் லிஃப்ட் இல்லாவிட்டால் இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை, அது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏழில் இரண்டு வகை ஓடும். எண்ணைச் சுற்றி வட்டம் இருந்தால் எல்லா நிலையத்திலும் நிற்கும். சாய்சதுரம் இருந்தால் எக்ஸ்பிரஸ், காலையில் மன்ஹாட்டன் நோக்கியும் பிற்பகலில் ஃப்ளஷிங் நோக்கியும் ஓடும். உங்களுக்கு வட்டம்தான். யாரிடமாவது வழி கேட்டால் பச்சை ரயில், நீல ரயில் என்று நிறம் சொல்லாதீர்கள். ஒரே நிறத்தில் மூன்று நான்கு ரயில்கள் இருக்கும், எண்ணையோ எழுத்தையோ சொல்லுங்கள். சில நிலையங்களில் வடக்கே போகவும் தெற்கே போகவும் தனித்தனி வாசல், எதிரெதிர் நடைபாதையில் இருக்கும். தட்டுவதற்குமுன் பலகையைப் படிக்காவிட்டால் மூணு டாலர் போச்சு. சனி, ஞாயிறில் தண்டவாள வேலை என்று தடங்களை மாற்றுவார்கள், இந்தச் சுற்றுலாவுக்கெல்லாம் வார நாளே நல்லது. காலை பத்து மணிக்குமேல் கிளம்பி, மாலை நாலரைக்குள் திரும்பும் ரயிலில் இருந்தால் உட்கார இடம் கிடைக்கும்.

பாதுகாப்பு பற்றி ஊரில் நிறையச் சொல்லியிருப்பார்கள். பகலில் நான் சொன்ன இடங்களுக்கெல்லாம் பயமின்றிப் போகலாம். நடைமேடை விளிம்பில் நிற்காமல் சுவரோரமாக நில்லுங்கள், போனைக் கையில் பிடித்தபடி கதவருகே நிற்காதீர்கள். கூட்டமான ரயிலில் ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்தால் ஆசைப்பட்டு ஏறாதீர்கள், ஒன்று ஏசி வேலை செய்யாது, இல்லை உள்ளே நிற்க முடியாத நாற்றம் இருக்கும். இரவாகிவிட்டால் நடுப்பெட்டியில் ஏறுங்கள், கண்டக்டர் அங்கேதான் இருப்பார். நடைமேடையின் நடுவில் கறுப்பு வெள்ளை வரி போட்ட ஒரு பலகை தொங்கும். ரயில் நின்றதும் கண்டக்டர் ஜன்னல் வழியே கைநீட்டி அதைச் சுட்டிக்காட்டுவார். ரயில் சரியான இடத்தில் நின்றிருக்கிறது என்று உறுதிசெய்துகொள்வதற்கான விதி அது. அந்தப் பலகைக்கு நேராக நின்றால் அவர் பெட்டிக்கு நேராக நிற்கிறீர்கள்.

ஜூனில் ரயிலுக்குள் ஏசி குளிரும், சுரங்க நடைமேடையில் வியர்த்துக் கொட்டும். மனைவிக்கு ஒரு மெல்லிய சால்வை, இருவருக்கும் தண்ணீர். கழிப்பறைக்கு நிலையங்களை நம்பாதீர்கள், பொது நூலகங்களை நம்புங்கள். ஃப்ளஷிங்கில் மெயின் ஸ்ட்ரீட்டும் கிசீனா பொலிவார்டும் பிரிகிற முனையில் ஒரு பெரிய நூலகம் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்து இளைப்பாறவும் செய்யலாம். மகன் வீடு எந்த நிலையத்துக்குப் பக்கத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொன்னால் லிஃப்ட் உள்ள இடமாகப் பார்த்து எங்கே ரயில் மாறுவது என்று எழுதுகிறேன்.